அத்தையின் இரண்டாவது ஸ்கேன்

அத்தையின் முதுகெலும்பை அத்தையைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்கத்தாவில், டாக்குரியாவிலிருந்த எங்கள் ஃப்ளாட்டின் பால்கனிக் கதவுக் கண்ணாடியில் அவளுடைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம்களை அப்பா செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார். வெயில் ஏறினால் எலும்பெல்லாம் பளிச்சென்று தெரியும். அப்பா கிடர்பூரில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். ஆனால் கையில் ஸ்கேலோடு அந்தப் படங்களுக்கு முன்னால் அவர் நிற்கிற தோரணையைப் பார்த்தால் பெரிய சர்ஜன் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பேங்க் ஆபீசர். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்தாள். முதுகெலும்பில் டிபி என்று தெரிந்த அன்று அம்மா அழுதாள், அப்பா சாப்பிடவில்லை. அத்தை மாத்திரையை விழுங்கிவிட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படுத்தபடியே எங்கள் எல்லோரையும் அதிகாரம் செய்தாள். சில மாதங்களில் வலி விட்டது. எழுந்து நடந்தாள், சாம்பாரில் உப்பில்லை என்றாள். சரி, தேறிவிட்டாள் என்று அம்மா நிம்மதியானாள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். அதில் எலும்பைச் சுற்றியிருந்த வீக்கம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. பழைய படத்துக்குப் பக்கத்தில் புதியதை அப்பா ஒட்டியபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. இப்படியே போனால் கால் விளங்காமல் போய்விடும் என்று அவர் சமையலறையில் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

எதிர் ஃப்ளாட் வங்காளி மாஷி உடனே வந்துவிட்டாள். கல்கத்தாவில் பெரிய வியாதி என்றால் ஜனங்கள் ரயிலேறுவது வேலூர் ஆஸ்பத்திரிக்கு. "வேலூர் ஜாவ்! உங்க தேஷ்தானே," என்று அவள் வங்காளியும் தமிழும் கலந்துகட்டி, வேலூருக்குப் போங்கள், உங்கள் ஊர்ப்பக்கம்தானே என்று அடித்துச் சொன்னாள். எங்கள் பூர்வீகம் கும்பகோணம் பக்கம். அப்பா வேலூரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. இருந்தும், அங்கே போய் ஆபரேஷன் செய்துவிடுவது என்று முடிவுகட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டார்.

"வலி எனக்கா, படத்துக்கா?" என்று கேட்டாள் அத்தை.

"விளையாடாத அக்கா. பெரிசாயிருக்கு, கண்ணால பாக்கறேன்."

"எனக்கு நல்லாத்தான்டா இருக்கு. முதல்ல டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

டாக்டர் ஒரு வங்காளி அம்மா. படங்களைப் பார்த்துக் கீழே வைத்துவிட்டு அத்தையை நடக்கச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார், முதுகை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தார். ஆள் தேறினாலும் படம் தேறக் கொஞ்ச காலம் பிடிக்கும், நடுவில் மோசமாகக்கூடக் காட்டும் என்றார். அதே மாத்திரை தொடரட்டும், சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம். கால் மரத்துப்போனாலோ நடையில் இழுத்தாலோ மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும்.

"கேட்டுக்கிட்டியா? நான் எங்கயும் வரல," என்றாள் அத்தை. அப்பா வீட்டுக்கு வந்து ஃபிலிம்களைப் பிய்த்து உறையில் போட்டார். அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் லேக் பக்கம் நடக்கப் போனோம். அத்தையும் நானும் முன்னால் போவோம், அப்பா பின்னாலேயே வருவார். ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுகிற மனிதருக்குக் கால்வலி வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே வெட்கம். "சீக்கிரம் வாங்கப்பா, மானம் போகுது," என்பேன். "அவன் மெதுவா வரட்டும், நீ வாடி," என்பாள் அத்தை. எப்போதும் தரையில் புரளப் புடவை கட்டுகிறவள் அந்த நாட்களில் கணுக்கால் தெரியத் தூக்கிக் கட்டியிருந்தாள். அம்மா காரணம் கேட்டதற்கு, பாதையெல்லாம் சேறு என்றாள்.

மூன்றாவது ஸ்கேனில் வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. மறுநாள் அப்பா எங்கள் கூடவே நடந்து வந்தார். பின்னால் வருகிறவருக்குத்தான் நடையில் இழுப்பு தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அத்தனை வீராப்பாகப் பேசியவளும், அவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் கால்களைக் காட்டிக்கொண்டு நடந்தாள் என்பதும் தெரியாது. அப்பாவுக்குக் கால்வலி சரியாகிவிட்டது என்று மாஷியிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன்.