நாலு பேர் நிறுத்தின இடம்

எங்க அண்ணன் கல்யாண பேண்டு செட்டு வச்சிருக்கான். அவன் டிரம்பெட், நான் சாக்ஸபோன். எட்டு வருசம் அவன் பக்கத்துல நின்னு வாசிச்சேன். ஒரு தடவை கூட என்னை "நல்லா வாசிச்ச"ன்னு சொன்னது கிடையாது. டிரம்ஸ்காரனைச் சொல்வான், யார் யாரையோ சொல்வான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாயா அலைஞ்சேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்குது.

சென்னையில இருந்து வாசிக்க வந்த கீபோர்டுக்காரர் ஒருத்தர், பென் டிரைவுல பழைய அமெரிக்க ஜாஸ் ஆல்பம் ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. மொத்தம் அஞ்சே பேரு. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து மெட்டை வாசிச்சுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா தனியா இறங்குவாங்க. மூணாவது பாட்டுல ஒரு இடம் வரும். நாலு பேரும் டக்குனு நிறுத்திடுவாங்க, சாக்ஸபோன் மட்டும் தனியா ஓடும். ஐயம்பேட்டை வீட்டுல நானும் அண்ணனும் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்போம்.

"நம்ம செட்டுலயும் எனக்கு இப்படி ஒரு இடம் குடுண்ணா"ன்னேன்.

"பாக்கலாம்"னான்.

காஞ்சிபுரத்துல ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலம் எறும்பா ஊருது. சினிமா பாட்டு ஒண்ணுல நான் கண்ணை மூடிக்கினு தனியா இறங்கினேன். டக்குனு கூட வாசிச்ச நாலு பேரும் நிறுத்திட்டாங்க. ஆகா, அண்ணன் இடம் குடுத்துட்டான்யான்னு நினைச்சேன். உசுரைக் குடுத்து வாசிச்சேன்.

கண்ணைத் திறந்தா எதிர்ல சாவு வீடு. பந்தல், பிரீசர் பொட்டி, தலையை விரிச்சுப் போட்டுக்கினு என்னையே பாக்குற ஒரு அம்மா. சாவு வீடு வந்தா வாசிப்பை நிறுத்திட்டுத் தாண்டணும், எங்க தொழில்ல முதல் பாடமே அதான். அதுக்குத்தான் நாலு பேரும் நிறுத்தியிருக்காங்க.

ரெண்டு வீட்டுக்காரங்களும் காறித் துப்பினாங்க. அண்ணன் அங்கயே, அத்தனை பேர் முன்னாடி, "இனிமே செட்டுப் பக்கம் வராதடா"ன்னான். சரி, தப்பு என்னோடதுதான். ஆனா அவன் என் தோளை ஒட்டித்தானே நின்னுக்கினு இருந்தான்? ஒரு தட்டு தட்டியிருக்கலாமே?

இப்ப நான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒண்ணுல வேலைக்குப் போறேன். சாக்ஸபோனைத் தொட்டே நாலு வருசம் ஆவுது. போன மாசம் மாகறல் கோயில்ல அண்ணனைப் பாத்தேன். நேராவே கேட்டுட்டேன், "அன்னிக்கு ஏன்ணா தட்டலை?"

கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சிக்கினு இருந்தான்.

"நல்லா வாசிச்சுக்கினு இருந்தடா. நிறுத்த மனசு வரலை."

பாவி. எட்டு வருசம் நான் காத்துக் கிடந்த வார்த்தை. கேட்டதும் அவனை ஓங்கி ஒரு அறை விடணும்னுதான் தோணிச்சு.