மாட்டு மிஸ்ஸின் வலது கை

இடது கை நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டு, வலது கை நகங்களுக்குச் சிவப்புப் பூச்சுப் பூசிக்கொண்டிருப்பார் ராஜினி. காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் இதுதான் முதல் வேலை. இடது கை மாடுகளுக்கு, வலது கை தனக்கு. "ஒரு கையாவது பொம்பிளைக் கை மாதிரி இருக்கட்டுமன்" என்பார்.

பரந்தனிலிருந்து அக்கராயன் வரை பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதும், சினை நின்றதா என்று கைவிட்டுப் பார்ப்பதும் அவர் தொழில். இளவட்டங்கள் "மாட்டு மிஸ்" என்று கூப்பிட்டால் கோபம் வராது. "என்ன கண்டுக்குட்டியள்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

தோள்வரை நீளும் கையுறையில் சோப்பு நுரை தடவி, மாட்டின் பின்வழியால் கையைச் செலுத்தி, குடற்சுவருக்கு அப்பால் கிடக்கும் கருப்பையை விரல்களால் தேடுவார். அது இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். கன்று பெரும்பாலும் ஒரு கொம்பில்தான் தங்கும். அது பருக்கும், மற்றது ஒல்லியாகக் கிடக்கும். அந்நேரம் யாரும் மூச்சுக்காட்டக் கூடாது. கண்ணை மூடி நிற்கும் ராஜினியைப் பார்த்தால் கோயிலில் நேர்த்தி வைப்பவர் என்றுதான் தோன்றும், கால் இரண்டும் சாணியில் இருந்தாலும்.

"இல்லை" என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து லேசில் வராது. தொழிலுக்கு வந்த முதல் வருடம், பரமலிங்கம் வீட்டுப் பசுவை அவசரமாகப் பார்த்து, வெறும் வயிறு என்று சொல்லிவிட்டார். அதை நம்பி இறைச்சிக்கு விற்றார்கள். வயிற்றில் கன்று இருந்தது. பரமலிங்கம் ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. அதுதான் ராஜினியை இன்றைக்கும் அரிக்கிறது.

போன புதன்கிழமை, அக்கராயன் விமலேஸ்வரியின் செவலைப் பசு விலைபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே போய் இறங்கினார். இறைச்சி வியாபாரி முதல்நாளே வந்து, தன் நீல நைலோன் கயிற்றை அதன் கழுத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தான். மத்தியானம் லொறி வரும்.

"மூண்டு ஊசி போட்டாச்சுப் பிள்ளை. கடைசி ஊசிக்குப் பிறகும் காளைக்குக் கத்தினது. மலட்டை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார் விமலேஸ்வரி. கன்றாக வாங்கி வளர்த்த மாடு.

"சினை நிண்டாலும் சிலது ஒருக்காக் கத்தும், அக்கா. கொஞ்சம் கதைக்காமல் நில்லுங்கோ."

கை உள்ளே போனது. ஒரு கொம்பு விரல் பருமன். மற்றதை விரல்கள் மெல்லச் சுற்றின. அது வத்தாளங்கிழங்கு போலப் பருத்து, உள்ளே நீர் தளும்பியது. தோலுக்குள் இன்னொரு தோல் விரலிடுக்கில் வழுக்கிப் போனது. நம்பாமல் மறுபடியும் பார்த்தார்.

"நிக்குதோ பிள்ளை?"

"நிக்குது அக்கா. ரெண்டு மாதம் தாண்டீட்டுது. இப்ப ஒரு எலிக்குஞ்சளவு இருக்கும்."

விமலேஸ்வரி பசுவின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார்.

படலையடியில் லொறி வந்து கோன் அடித்தது. ராஜினி கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வலது கையை நீட்டி, பசுவின் கழுத்திலிருந்த நீலக் கயிற்றின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். நைலோன் இறுகிக் கிடந்தது. இரண்டு சிவப்பு நகங்கள் முறிந்த பிறகுதான் அவிழ்ந்தது.