மீனைக் குடித்த ராஜா

வெற்றிவேலின் நாடக வாழ்க்கையைப் பற்றி அவனிடமே கேட்டால் எருமையிலிருந்து ஆரம்பிப்பான். பல்கலைக்கழக மாணவர் நாடகக் குழுவில் சேர்ந்த முதல் வருஷம் அவனுக்குக் கிடைத்தது எமனுடைய எருமை வேஷம். அதிலும் பின்பாதி. முன்பாதிக்குள் இருந்தவனுக்காவது கொம்பை ஆட்டும் வேலை இருந்தது. "எனக்கு வால ஆட்டற பொறுப்பு. அதையும் கயிறு கட்டி வெளியேருந்து இன்னொருத்தன் ஆட்டினான்" என்று சொல்லிச் சிரிப்பான். அடுத்த நாடகத்தில் திரை இழுத்தான். அதற்கடுத்ததில் தகரத்தைக் குலுக்கி இடி முழக்கினான். படித்தது எம்.காம். வகுப்புக்குக்கூட அவன் ஒத்திகைக்கு வந்ததுபோல ஒழுங்காக வந்ததில்லை.

அவனுக்கு நடிப்பு வராது என்று யாரும் சொன்னதில்லை. வாய்ப்புக் கொடுத்தால்தானே சொல்வதற்கு!

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அவனுடைய அம்மா தனக்கொடி அந்த எருமை நாடகத்துக்கு வந்திருந்தாள். சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வந்தாள். நாடகம் முடியும்வரை மேடையில் மகனைத் தேடிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எங்கடா இருந்த?"

"எருமைக்குள்ள இருந்தேம்மா."

"எருமைக்குள்ளியா?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லா கேட்டுக்க. வாயத் தொறந்து நாலு பேரு கேக்கற மாதிரி ஏதாவது சொல்ற வேஷம் குடுத்தாங்கன்னா கூப்புடு, வரேன். அதுவரைக்கும் என் வியாபாரத்தக் கெடுக்காத."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து வெற்றிவேலுக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது. ஒரே ஒரு தடவை மேடையில் வாயைத் திறக்க வேண்டும். அதை அம்மா கேட்க வேண்டும்.

படிப்பு முடிகிற வருஷத்தில் அந்த வாய்ப்பு வந்தது, அதுவும் பிரெஞ்சில். பிரெஞ்சுத் துறையில் படிக்கும் இஃப்ஃபத் ஓர் ஓபரா எழுதி, தானே இயக்கினாள். அதில் பேச்சே கிடையாது. சண்டை போட்டாலும் பாட்டு, செத்தாலும் பாட்டு. நம்ம ஊர்த் தெருக்கூத்து மாதிரிதானே என்று வெற்றிவேல் கேட்டதற்கு, "கூத்து பாக்கறவங்க வேர்க்கடலை சாப்பிடலாம். இதுல கூடாது" என்றாள். அதற்குமேல் அவன் விளக்கம் கேட்கவில்லை.

ராஜா வேஷம் போட இருந்தவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. ராஜாவுக்குக் கனத்த குரல் வேண்டும். மிச்சமிருந்த பையன்களோ எல்லோரும் மூக்கால் பாடினார்கள். இஃப்ஃபத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஏணியைத் தூக்கிக்கொண்டு மேடையைக் கடந்த வெற்றிவேல், "வழி விடுங்கப்பா!" என்று கத்தினான். அலைச் சத்தத்துக்கு மேலே படகுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெற்றி, உனக்கு பிரெஞ்ச் தெரியுமா?"

புதுச்சேரியில் பிறந்த எவனும் இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்ல மாட்டான். "கொஞ்சம் கொஞ்சம்" என்றான். அவனுக்குத் தெரிந்தது போன்ழூர், மெர்சி, அப்புறம் தெருப் பெயர்ப் பலகையில் இருக்கும் 'ரூ'. இந்த மூலதனத்தோடு ராஜாவானான்.

பாட்டு முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. கடைசிக் காட்சியில் ராஜா கோப்பையைக் காலி செய்துவிட்டு, 'விஷத்தைக் குடித்துவிட்டேன்' என்று மூன்று முறை பாடிச் சாக வேண்டும். பிரெஞ்சில் விஷத்துக்குப் புவாஸோன் என்று பெயர். மீனுக்கும் புவாஸோன்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, வாயில் சொன்னால் வேறு வேறு. விஷத்துக்கு நடுவில் வரும் 'ஸ்' தேனீபோல ரீங்காரமிட வேண்டும். மீனுக்கு வருவது வெறும் சீறல்.

இஃப்ஃபத் தினமும் அவன் முகத்துக்கு நேரே நின்று தேனீயாகக் கத்தினாள். அவனும் போகிற இடமெல்லாம் ரீங்கரித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். கடைசி ஒத்திகையில் தேனீ அச்சுப் பிசகாமல் வந்தது. இஃப்ஃபத் கை தட்டினாள்.

ஊருக்குள் ஓர் அரங்கத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சி. "ராஜா வேஷம்மா, பாடறேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டான். என்ன பாட்டு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. முதல் நாள், முன்வரிசையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், ஊர் வழக்கில் சொல்தாக்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பட்டுப் புடவையில் தனக்கொடி.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசிக் காட்சியில் ராஜா கோப்பையைக் கவிழ்த்துக் குடித்தான். கோப்பையைக் கீழே இறக்கியபோது அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் சீட்டின் நுனிக்கு வந்து அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேனீ எங்கோ பறந்துவிட்டது. வெற்றிவேல் அடிவயிற்றிலிருந்து, முழுக் குரலில், 'மீனைக் குடித்துவிட்டேன்' என்று பாடினான்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் இருமினார். இருமல் என்றுதான் வெற்றிவேல் நினைத்தான். அவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டி எதையோ சொல்ல, அந்த வரிசையே குலுங்க ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் நின்ற இஃப்ஃபத் இரண்டு கையையும் இறக்கைபோல அடித்துக் காட்டினாள். அந்தப் பதற்றத்தில் இரண்டாம் தடவை இன்னும் பலமாகச் சீறினான். மூன்றாம் தடவை பிரெஞ்சு தெரியாதவர்களும் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள். ராஜா விழுந்து செத்தான். அந்த மேடையில் அவ்வளவு மனப்பூர்வமாகச் சாக விரும்பிய நடிகன் அதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டான்.

திரைக்குப் பின்னால் இஃப்ஃபத் அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா எழுதினேன் வெற்றி. அழணும்னு எழுதினேன், சிரிக்கிறாங்க. நாளைக்கும் மீன்னு சொன்னா, இந்தக் குழுவுல நீ மேடை ஏறவே முடியாது. சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினான். அதற்குள் தனக்கொடி உள்ளே வந்துவிட்டாள்.

"ஏண்டா சிரிச்சாங்க?"

"அது காமெடி நாடகம்மா."

"பொய் சொல்லாத. அந்தப் பொண்ணு அழுதுகினு நிக்குது."

வேறு வழியில்லை. விஷத்தையும் மீனையும், தேனீயையும் சீறலையும் சொல்லிக்காட்டி, நடந்ததை முழுவதும் ஒப்பித்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான்.

"இரு, இரு. பாம்பு மாதிரி சீறினா மீனு, தேனீ மாதிரி பாடினா வெஷமா? தலகீழா இருக்குதேடா."

"அவங்க பாஷ அப்படிம்மா."

சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப, பெத்தவள எதுருல ஒக்கார வெச்சிக்கினு, வெஷத்தக் குடிச்சிட்டேன், வெஷத்தக் குடிச்சிட்டேன்னு மூணு தபா சொல்ல இருந்தியா?"

"அது ராஜா சொல்றதும்மா."

"வாயி உன்னுதுதானே? உங்கப்பன் கடலுக்குக் கெளம்பறப்ப, போறேன்னு சொல்லக்கூட நான் உட மாட்டேன். வரேன்னு சொல்லுன்னுதான் அனுப்பறேன். நீ இதச் சொல்லப் பாத்தியே!" குரல் உடைந்துவிட்டது. "மாரியாத்தாதான் உன் நாக்கப் புடிச்சி மீனு பக்கம் திருப்பி உட்டுருக்கா."

இரண்டு கையாலும் அவன் முகத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பூசியிருந்த ராஜா சாயம் அவள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"ஆனா கொரலு நல்லா இருந்துச்சிடா. கடக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்."

இதைக் கேட்கத்தான் அவன் எருமைக்குள்ளிருந்து இவ்வளவு தூரம் வந்தான்.

"நாளைக்கும் வரேன்" என்றாள். "மீனு வருதா, வெஷம் வருதான்னு கேட்டா இப்ப எனக்கே தெரியும்."

மறுநாள் சாயங்காலம் வந்த கூட்டத்தில் பாதி, மீன் குடித்த ராஜாவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தது. சொல்தாக்கள் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் கோப்பையை இறக்கியபோது தேனீ நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஒத்திகையில்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. ஓரத்தில் இஃப்ஃபத் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரிசையில் தனக்கொடி முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இஃப்ஃபத்தின் இரண்டு வருஷ உழைப்புக்குத் தான் செய்யப்போவது துரோகம் என்று வெற்றிவேலுக்குத் தெரியும். இதற்குப் பிறகு மேடை கிடையாது என்பதும் தெரியும். அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தேனீயை விழுங்கிவிட்டு, மூன்று முறையும் மீனையே குடித்தான்.

அன்றைக்கு அந்த அரங்கத்தில் முதலில் சிரித்தது தனக்கொடிதான்.