மாலை போடாத சாமி

போன மாதம் ஒருநாள், துவைத்த கறுப்புத் துணி காயாமல் வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போய்விட்டேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், இயந்திர வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்து மேஜைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டில் எல்லோரும் நலம்தானே?" என்றாள். நலம்தான் என்று சொல்லியும் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு முறை காபி வாங்கி வந்து கொடுத்தாள். ஒரு வெள்ளைச் சட்டைக்கு இவ்வளவு இரக்கமா!

ஆறு வருஷமாக நான் கறுப்புதான். இங்கே இதைக் கோத்திக் என்பார்கள். கறுப்புத் துணி, லேஸ் வைத்த காலர், வெள்ளி மோதிரம், கண்ணுக்கு மை. இங்கே வருஷாவருஷம் நடக்கும் கோத்திக் திருவிழாவுக்குப் போடுவது ஒன்று, தினசரி போடுவது வேறு. புதிதாக ஆசைப்படும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். லேஸ் காலர் போட்டால் மோதிரம் வீட்டில் இருக்கட்டும். கண்ணுக்கு மை இட்டால் சட்டை சாதாரணமாக இருக்கட்டும். கறுப்புக்கு மேல் கறுப்பு போடும்போது துணியை மாற்றுங்கள், பருத்திக்கு மேல் தோல், கம்பளிக்குக் கீழே பட்டு. அப்போதுதான் கண்ணுக்கு அழகு. எங்கள் பழவேற்காட்டு வெயிலுக்கு வெல்வெட்டை நினைக்கவே கூடாது. மெல்லிய பருத்திதான். அதிலும் வியர்வை காய்ந்தால் முதுகில் உப்புக் கோடு வெள்ளையாகத் தெரியும், இரண்டு சட்டை கூடவே எடுத்துப் போங்கள்.

இவ்வளவு தெரிந்த நான் போன கார்த்திகையில் அங்கே எங்கள் ஊர் தோணிரேவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். தங்கச்சி செல்விக்கு நிச்சயதார்த்தம். இதற்கு முன் இரண்டு இடம் பேசி முறிந்துபோயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அவளுக்கே பிடித்திருந்தது. கறுப்புச் சட்டை, தாடி, கழுத்துச் சங்கிலியோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார்.

"சாமி சரணம்! எப்போ மலைக்கு?"

சபரிமலைக்கு மாலை போடும் மாதம். ஊரில் பாதி ஆம்பளைகள் கறுப்பில்தான் இருந்தார்கள். காலில் பூட்ஸ் இருந்ததைக்கூட அவர் குளிர்நாட்டுப் பழக்கம் என்று மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் முடிவு பண்ணல சாமி" என்று விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

நைனா அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே இருந்துட்டுப் போடா. ஞாயித்துக்கெழம சுண்ணாம்புக்குளத்துலர்ந்து சம்பந்தி வராங்க. நல்ல காரியத்துல சும்மா கறுப்பு போட்டுக்கினு நின்னா அபசகுனம்னுவாங்க. சாமின்னா எவனும் வாயத் தொறக்கமாட்டான்."

வெள்ளை வேட்டி கட்டு என்று அவர் சொல்லவில்லை. முன்பு அதற்காக நடந்த சண்டையில் நான் மூன்று வருஷம் ஊர்ப்பக்கமே வரவில்லை. செல்விக்காகச் சரி என்றேன். பலன், நாலு நாளும் ரசமும் கத்திரிக்காயும். பக்கத்து வீட்டில் நண்டு கொதிக்கிற வாசனை. ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பதிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். கைமுனையில் லேஸ். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் ஏறியதும் என்னைப் பார்த்தார். நான் விலகுவதற்குள் காலில் விழுந்துவிட்டார்.

"சாமி, எம்புள்ள கடலுக்குப் போறவன். மலையில அவனுக்காக ஒரு வார்த்த வேண்டிக்கோ சாமி."

உடம்பெல்லாம் கூசிவிட்டது. கத்திரிக்காயைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியாது. தூக்கி நிறுத்தி, "அம்மா, நான் மாலை போடல. இது நான் டெய்லி போடற துணி" என்றேன்.

நைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இன்னாது? நல்ல நாள்ல சும்மாவா கறுப்பு?" என்றார் அந்த அம்மா.

"எனக்கு இதாம்மா நல்ல துணி. எந்தங்கச்சிக்குன்னுதான் இருக்கறதுலயே நல்லதப் போட்டேன்."

அவர் என்னை விட்டு நைனாவிடம் திரும்பினார். "கறுப்பு போட்டா போவுது. பொய்ச் சாமி கால்ல உழ வச்சிட்டீங்களே, அதான் ஆறல."

"தப்புதான் சம்பந்தி" என்றார் நைனா. என் வாழ்நாளில் அவர் யாரிடமும் சொல்லிக் கேட்காத சொல்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வி அறைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த இடமும் முறிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் அவரே சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கையில் பூசினார்.

"உண்மையச் சொன்னியே, அது போதும். தட்டு மாத்தும்போது மட்டும் கொஞ்சம் வெளிய நில்லுப்பா. எம்மனசு ஒப்பல."

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. சட்டையை மாற்றவும் இல்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

தட்டு மாற்றும்போது எடுத்த படம் இப்போது லைப்சிக்கில் என் மேஜைமேல் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் முகம் அதில் இல்லை. ஓரத்தில், நிலையைப் பிடித்த ஒரு கறுப்புச் சட்டைக் கை மட்டும், லேஸும் சந்தனமுமாக. தட்டுகளுக்கு நடுவில் நிற்கும் செல்வி மட்டும் கேமராவை விட்டுவிட்டு அந்தக் கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.