சித்திரை வீதியில் தவறான அம்பு

சனிக்கிழமை மாலை உப்பிலியபுரத்தில் என் உரக்கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, துறையூர் வழியாகத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினேன். மறுநாள் அரை மாரத்தான்; 21.1 கிலோமீட்டர், நுழைவுக் கட்டணம் 900 ரூபாய். எனக்கு நாற்பத்தேழு வயது. எட்டு மாதமாக விடியற்காலையில் ஓடிப் பழகியிருக்கிறேன். "யாரு அக்கா உங்களைத் துரத்துறாங்க?" என்று சிரித்த டீக்கடைக்காரர்களின் வாயை அடைக்க, ஓட்டத்தை முடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தாக வேண்டும்.

ஞாயிறு காலை 5.30. மைதானத்திலிருந்து கிளம்பினோம். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேஜை என்று சொல்லியிருந்தார்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கட்டணம் வாங்குவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

6.40. ராஜகோபுரத்தைக் கடந்து தெற்குச் சித்திரை வீதிக்குள் நுழைந்தேன். கோயிலைச் சுற்றி வர வேண்டும். சாலையில் ஒட்டியிருந்த அம்பு வலப்பக்கம் காட்டியது. தன்னார்வலர் சட்டை போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"அப்படிப் போகாதீங்கோம்மா, அப்பிரதட்சிணம்! பெருமாள் வலது கைப்பக்கம் வரணும். இடது பக்கம் திரும்புங்கோ!"

அம்பை நானும் பார்த்தேன். ஆனாலும் கால் இடப்பக்கம்தான் திரும்பியது. பிறந்ததிலிருந்து எந்தக் கோயிலையும் நான் மாற்றிச் சுற்றியதில்லை. என்னோடு வந்த பத்துப் பேரும் அப்படியே திரும்பினார்கள்.

8.21. மைதானத்துக்குத் திரும்பி வந்து முடித்துவிட்டேன்! மூன்று மணி நேர வரம்புக்குள்தான். கணினி முன் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், நீங்க தகுதி நீக்கம். ஓடுறவங்க நேரத்தைப் பதியுற மெஷின்ல மேற்கு வீதி முதல்ல பதிவாயிருக்கு, கிழக்கு அப்புறம் வருது."

"தூரம் குறையுதா?"

"குறையலைங்க. வரிசை மாறிடுச்சு. மெஷின் ஏத்துக்காது."

"வழியைப் போட்டவங்க ஸ்ரீரங்கத்துக்கு வந்திருக்காங்களா?"

"மேப்ல பார்த்துத்தான் போட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள் என்று அந்தத் தெருவில் பூ விற்பவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே! தப்பு அவர்களுடையது, தண்டனை எனக்கா?

அந்தக் கோபத்தோடு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். என்னை மறித்தவர் தடுப்புக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அடடா! என்னாலயா போச்சு? முன்னாடி போனவாளைப் போலீஸ் பைக் அம்பு காட்டின பக்கமே இழுத்துண்டு போயிடுத்து. மத்தவாளையாவது தப்பாப் போகவிடக் கூடாதுன்னு பார்த்தேன்."

திட்டத்தான் வந்திருந்தேன். முடியவில்லை. அவர் கை காட்டியிருக்காவிட்டாலும் நான் அந்தப் பக்கம்தான் திரும்பியிருப்பேன்.

பகல் 12.10க்குத் துறையூர் பஸ். ஊரில் ஏரிக்கரையில் எந்தப் பக்கமாக ஓடினாலும் கேட்க ஆளில்லை. டீக்கடையில் மட்டும் இன்று மெடலைக் கேட்பார்கள். இல்லை என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பஸ்ஸிலேயே போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'அடுத்த வருடமும் வருவேன். அம்பைத் திருப்பி ஒட்டுங்கள். நான் வலப்பக்கம் திரும்பமாட்டேன்.'