பஞ்சம்மாள் வெட்டிய மீன்வாய்க்கால்

சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாற்றின் குறுக்கே நாயக்கர் காலத்துக் கல்லணை ஒன்று உண்டு. அதன் தென்கரையை ஒட்டிய கரிசல்தான் பஞ்சம்மாள் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றிய நிலம். முன்பு அந்த நிலத்தின் வழியே, அணையைச் சுற்றிக்கொண்டு ஒரு வாய்க்கால் ஓடியது. வெள்ளக் காலத்தில் கெண்டையும் விலாங்கும் அதில் ஏறித்தான் மேலாற்றுக்குப் போகும். மாமனார் அதைத் தூர்த்துப் பருத்தி விதைத்துவிட்டார். பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும், ஏற வழியில்லாத மீன்கள் அணையடியில் குவிந்து, கல்லில் மோதி மோதிச் செத்தன.

அப்படிக் குவிந்த மீனுக்கு வலைகூடத் தேவைப்படவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வெடிமருந்தை மடியில் கட்டிவந்து, தகர டப்பாவில் அடைத்து, திரி வைத்து ஆற்றில் எறிந்தார்கள். பஞ்சம்மாளின் புருஷன் சின்னச்சாமியும் எறிந்தான். ஐம்பத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்தில் திரி முந்திக்கொண்டது. டப்பா கையிலேயே வெடித்தது. சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தபோது, அவனைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர், முந்தி எறிந்த டப்பாக்களில் செத்து மிதந்த மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அடுத்த கோடையில் அவள் மண்வெட்டியோடு தங்கள் கரிசல் காட்டில் இறங்கினாள். கொழுந்தன் ஒச்சப்பன் ஓடிவந்தான்.

"என்ன மதினி பண்றீக?"

"வாய்க்காலைத் தோண்டுறேன் தம்பி. மீனு மேல போயிட்டா அணையடியில எவனும் வெடி எறிய வர மாட்டான்."

"இதைத் தோண்டுனா அண்ணன் வந்துருவாகளா?"

"வர மாட்டாக. ஆனா நீங்களும் பரண்ல மருந்து வச்சிருக்கீக. எனக்குத் தெரியும்."

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை.

புரட்டாசி வரைக்கும் ஒண்டியாகத் தோண்டினாள். சரிவில் மீன் நின்று ஏற, கற்களைப் படிகளாகப் பதித்தாள். வெள்ளம் வந்தது. மழையில் நனைந்துகொண்டே பார்த்தாள். கெண்டைகள் கூட்டமாக ஏறின. அணையடியில் டப்பாவோடு ஒருவரும் நிற்கவில்லை.

ஆனால் மழை விடவில்லை. இளகிய கரிசல் கரை இரண்டு பக்கமும் சரிந்தது. வாய்க்கால் அகன்று அகன்று, காட்டில் முக்கால்வாசியை ஆற்றோடு கொண்டுபோனது.

"இப்பவே மூடிருவோம் மதினி," என்றான் ஒச்சப்பன்.

"வேண்டாம்."

"குடும்பத்தையே ஆத்துல கரைச்சுட்டீக."

அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. பரணில் இருந்த மருந்தைக் கிணற்றில் கொட்டிவிட்டான் என்று அவன் பெண்டாட்டி பிறகு வந்து சொன்னாள்.

தை பிறந்ததும் பஞ்சம்மாள் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போனாள். இரண்டு மூன்று வருஷம் கழித்து, மேலாற்று ஊரிலிருந்து வேலைக்கு வந்த அய்யம்மாள் மத்தியானச் சோற்றோடு விலாங்குக் குழம்பு கொண்டுவந்தாள்.

"ஆத்துத் தண்ணி பாயுற எங்க கண்மாய்ல விலாங்கு இப்பத்தான் மறுபடி கிடைக்குது. ஒரு துண்டு போட்டுக்கோங்க அக்கா."

"எனக்கு மீனு ஆகாது," என்று சொல்லிவிட்டுப் பஞ்சம்மாள் தன் கஞ்சியைக் குடித்தாள்.