கலைமகள் கடையில் ரிட்டர்ன் கிடையாது

உப்பளம் வட்டாரத்தில் கலைமகளின் மோட்டார் கடைக்குப் போக விலாசம் தேவையில்லை. யாரையாவது நிறுத்தி, "பம்ப் ரிப்பேர் பாக்குற அக்கா கடை எங்க?" என்று கேட்டால் போதும். வழியைச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். "அவங்க கை வெச்சா ரிட்டர்ன் கிடையாது."

ரிட்டர்ன் என்றால், பழுது பார்த்து அனுப்பிய மோட்டார் மறுபடியும் கடைக்கே திரும்பி வருவது. மற்ற கடைகளில் அது சாதாரணம். ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, இன்னொரு முறை பிரித்துப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தனக்கு அந்தச் சலுகை இல்லை என்பது கலைமகளின் கட்சி. "ஆம்பள கட்டுன மோட்டார் எரிஞ்சா, மோட்டார் சரியில்லம்பாங்க. நான் கட்டுனது எரிஞ்சா, பொம்பள கட்டுனதும்பாங்க," என்பாள். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவள் பன்னிரண்டாவது முடித்த வருடம் ஆலையில் வேலை நின்றது. அம்மா ராஜாம்பாள் மகளை டீச்சராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். மகளோ ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் போய்ச் சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள். வகுப்பில் முப்பத்து நாலு பையன்கள், இவள் ஒருத்தி. இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று தெரியாத வாத்தியார், முதல் மாதம் முழுக்க வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்தார். இரண்டாவது மாதம் அவள் பதிவேட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மூலக்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்த பலராமன், ஷேர் டெம்போ ஓட்டுபவன். பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவன் வீட்டார் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, அவன் நேராக, "வண்டி ஹாரன் ரெண்டு நாளா அடிக்கல, பாக்க முடியுமா?" என்றான். பட்டுப்புடவையோடு தெருவில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஹாரன் அலறியது. பிறகு ஜாதகத்தை யாரும் பெரிதாகப் புரட்டவில்லை.

கடை போட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், ஓட்டல் கிரைண்டர் என்று எல்லாமே அவள் கைக்குப் பழகியவை. படகு மட்டும் பழக்கமில்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் கோவிந்தராசு.

கோவிந்தராசு பிரெஞ்சு ராணுவத்தில் சேவை முடித்து, அந்த நாட்டுப் பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. அவர் வயதுக்காரர்கள் காலையில் கடற்கரைச் சாலையில் கைவீசி நடப்பதோடு நிறுத்திக்கொள்ள, இவர் அமெரிக்காவில் செய்த பழைய படகு ஒன்றை வாங்கி அரியாங்குப்பம் ஆற்றில் விட்டிருந்தார். வேக் சர்ஃபிங் படகு. படகு முன்னால் போகும். பின்னால் ஒரு அலை எழும். அந்த அலையில் பலகை போட்டு, கயிறுகூடப் பிடிக்காமல் நின்று சறுக்கலாம். சுற்றுலா வருபவர்களுக்கு அதைக் காட்டிப் பிழைக்கலாம் என்பது அவர் திட்டம்.

"அலை பெருசா எழும்பணும்னா படகு ஒரு பக்கமா அழுந்தணும்மா," என்று கடைக்கு வந்து விளக்கினார். "சீட்டுக்கு அடியில ரப்பர் மூட்டை இருக்கு. ஒண்ணொண்ணும் நானூறு லிட்டர். ஆத்துத் தண்ணிய பம்ப் வெச்சு அதுல ஏத்துறோம். பேலஸ்ட் பம்ப்னு பேரு. இருக்குற பம்ப் கிழடாயிடுச்சு, ஒரு மூட்டை ரொம்புறதுக்கு கால் மணி நேரம் ஆவுது."

கலைமகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "படகுல தண்ணி பூந்தா மொண்டு வெளிய ஊத்துவாங்க. நீங்க பம்ப் வெச்சு உள்ள ஊத்துறீங்களா முசியே?"

"வொய்லா, அதேதான்," என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியவர் போல.

கால் மணி நேரம் என்பது கேட்கச் சின்ன விஷயம். ஆனால் மூட்டை நிரம்புவதற்குள் வந்தவர்கள் செல்ஃபி எடுத்து முடித்து, சிப்ஸ் தின்று முடித்து, கரைக்கு எப்போது போவோம் என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓட்டலின் மேனேஜர் துர்கா மூன்று விருந்தினர்களோடு வருகிறாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் ஆட்கள் வருவார்கள். அதற்குள் பம்ப்பை மாற்றியாக வேண்டும்.

கலைமகள் ஏழு நிமிடத்தில் நிரப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தாள். நான்கு நாள் படகின் அடிவயிற்றில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாள். இரண்டு பக்கமும் பெரிய பம்ப் போட்டாள். அதற்கேற்ற தடித்த குழாய் போட்டாள். பன்னிரண்டு வோல்ட் தானே என்று இளக்காரமாக நினைக்காமல் பழைய வயரை உருவிப் போட்டுக் கனமான வயர் இழுத்தாள். மூட்டையிலிருந்து காற்று வெளியேறும் குழாயையும் மறக்காமல் பெரிதாக்கினாள். இல்லாவிட்டால் வேகமாக நிரம்பும் மூட்டை உப்பிப்போய், மேலே உட்கார்ந்திருப்பவரை சீட்டோடு தூக்கிவிடும். கேட்ட சாமானையெல்லாம் எடுத்துக் கொடுத்து உதவியவன் படகு ஓட்டும் ராஜவேல். கனகசெட்டிக்குளத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிகம் பேசாதவன். ஒருமுறை படகை மேட்டுச் சேற்றில் ஏற்றிவிட்டு முசியேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்னும் பேசாதவன்.

வெள்ளிக்கிழமை காலை பம்ப் ஓடியது. ஆறே முக்கால் நிமிடம். முசியே கைக்கடிகாரத்தை எல்லோரிடமும் காட்டினார்.

அடுத்து பூஜை. கலைமகள் எந்த மோட்டாரையும் பூஜை போடாமல் ஒப்படைத்ததில்லை. அதுவும் ஓடுகிற மோட்டாருக்குத்தான் போடுவாள். நின்றுபோன மோட்டாருக்குப் பூஜை போடுவது தூங்குகிறவனுக்குச் சோறு ஊட்டுவது மாதிரி என்பது அவள் எண்ணம். இரண்டு பம்ப்பையும் ஓட விட்டாள். மஞ்சள், குங்குமம் வைத்தாள். முசியே தேங்காய் உடைத்தார். மோட்டாருக்கு ஒரு முழம் சாமந்தியைச் சாத்திவிட்டு, இன்னொரு முழத்தை ஆற்றுக்கென்று படகின் இடது பக்கமாகப் போட்டாள். பூ ஒரு கணம் மிதந்து, சரேலென்று படகுக்கு அடியில் போய் மறைந்தது.

"ஆத்தா ஏத்துக்கிட்டா," என்று முசியே கைகூப்பினார். ஏற்றுக்கொண்டது ஆத்தா இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கலைமகளின் போன் அடித்தது. இடது பக்கப் பம்ப் முனகுகிறது, தண்ணீர் எடுக்கவில்லை. பலராமன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் அவள் நினைத்தது ஒன்றைத்தான். பதினேழு வருடம் கட்டிக் காத்த பெயர், அதுவும் ஓட்டல் மேனேஜர் முன்னால், முசியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் நேரத்தில்.

படகுத் துறையில் துர்காவும் விருந்தினர்களும் உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். முசியே ராஜவேலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு வேலையில கோளாறு வருமா? ஊரே சொல்லுது ரிட்டர்ன் கிடையாதுன்னு. நீதான் மறுபடியும் மேட்டுல ஏத்தி சேத்த உறிய விட்டிருக்க." ராஜவேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலைமகளுக்கு அதைக் கேட்டதும் பாதி உயிர் திரும்பி வந்தது. சேறு என்றால் அவள் பிழை இல்லை. சீட்டைத் தூக்கி, குழாயைக் கழற்றி, பம்ப்பின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே சேறு இல்லை. நசுங்கிய மூன்று சாமந்தி. சுழலும் தண்டில் இறுக்கிச் சுற்றியிருந்தது பூ கட்டிய வாழைநார். அதில் சிக்கி பம்ப்பின் விசிறி இறக்கை ஒன்று உடைந்திருந்தது. மோட்டாரில் கருகிய வாடை.

"சேறுதானம்மா?" என்றார் முசியே துறையிலிருந்து.

"ம்," என்றாள் கலைமகள். உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. முசியே ராஜவேல் பக்கம் திரும்பினார். "சாவிய வெச்சுட்டுப் போ. நாளையிலேர்ந்து வராத." ராஜவேல் தக்கை கோத்த சாவியை எடுத்து சீட்டின் மேல் வைத்தான். ஜாக்கெட்டின் கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

மூன்று கொக்கி. முதல் கொக்கி கழன்றபோது கலைமகள் பேசாமல் இருந்தாள். இரண்டாவது கழன்றபோதும் பேசாமல்தான் இருந்தாள். அதை மறைத்து அவளை நல்லவளாக்கிக் காட்ட நமக்கு உரிமையில்லை. மூன்றாவதில் அவன் கை வைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"முசியே, சேறு இல்ல." எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். "என் பூ. ஓடுற பம்ப்ப வெச்சுக்கிட்டு நான்தான் தண்ணியில போட்டேன். இது ரிட்டர்ன்தான். என் வேலையில வந்தது."

கோவிந்தராசு பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ராஜவேலைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்து போயிற்று. "மோன் தியே, கடவுளே. நான் கையெடுத்து வேற கும்பிட்டேன்," என்றார். பிறகு சாவியை எடுத்து ராஜவேலின் கையில் வைத்தார். "தப்பா பேசிட்டேன்பா," என்றார்.

"அப்போ இன்னைக்கு அலை கிடையாதா?" என்றாள் துர்கா. கேட்டது அவள், பதில் வந்தது பலராமனிடமிருந்து.

"நானூறு லிட்டர் தண்ணின்னா நானூறு கிலோ. அவ்ளோதான? ஆள ஏத்துங்க." ஷேர் டெம்போவில் இருபது வருட அனுபவம் அவனுக்கு. "அம்மா நீங்க பின்னால வாங்க. சார், கொஞ்சம் ஒட்டி உக்காருங்க, இன்னும் ஒரு ஆள் உக்காரலாம். பைய மடியில வெச்சுக்கோங்க." ஐந்து நிமிடத்தில் விருந்தினர்களும் துர்காவும் அவனும் இடது பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். படகு சாய்ந்தது, ஆனால் போதவில்லை. எல்லோரும் கலைமகளைப் பார்த்தார்கள்.

அவள் படகில் போனதே இல்லை. நீச்சலும் தெரியாது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கருகிப் போன பம்ப்புக்கு மேலேயே போய் உட்கார்ந்தாள். தன் எழுபத்தெட்டு கிலோவாவது இன்றைக்கு உருப்படியான காரியம் செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜவேல் படகை ஆழத்துக்குக் கொண்டுபோய் வேகம் கூட்டினான். பின்னால் தண்ணீர் புரண்டு, மடிந்து, பச்சையாக ஓர் அலை எழுந்தது. முசியே பலகையில் ஏறிக் கயிற்றைப் பிடித்து நின்றார், தடுமாறினார், நிமிர்ந்தார், கயிற்றை விட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஆற்றின் மேல் சறுக்கிக்கொண்டு வந்தார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். கலைமகளும் தட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

கரைக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகு, கட்டுக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த ராஜவேலிடம் போனாள். "மன்னிச்சுக்க தம்பி. மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"பரவால்லக்கா. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். பூ அடியில போனத நான் பாத்தேன்."

"பாத்தியா? அப்பறம் ஏம்பா முசியேகிட்ட சொல்லல?"

ராஜவேல் கயிற்றைப் போட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்தான். அவன் குரலில் கோபமில்லை. "உங்களுக்குத்தான் ரிட்டர்னே கிடையாதேக்கா. நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

கலைமகள் ஜாக்கெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. தன் பெயரில் விழாத பிழையெல்லாம் எங்கே போய் விழுந்திருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. மூலக்குளத்தில் நிர்மலாதேவி டீச்சர் வீட்டு மோட்டார் இரண்டாம் முறை எரிந்தபோது வோல்டேஜ் சரியில்லை என்று இவள்தான் சொன்னாள். அது போகட்டும், வோல்டேஜுக்கு வீடு வாசல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் லாசுப்பேட்டையில் ஒரு லாட்ஜ் மோட்டார் எரிந்தது. "வாட்ச்மேன் வெறும் தொட்டியில ஓட விட்டிருப்பாரு," என்று சொல்லிவிட்டு வந்தாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டைத் திறந்தது வேறொரு ஆள். அவள் அதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

உப்பளம் திரும்பும் முனை வந்தது. "நேரா போ," என்றாள்.

"எங்க?"

"லாசுப்பேட்ட."

"சாப்பிட்டுட்டுப் போலாமே கலை. என்னா அவசரம்?"

"அங்க ஒரு வாட்ச்மேன் இருந்தாரு," என்றாள் கலைமகள். "அவரு பேருகூட எனக்குத் தெரியாது. கேக்கணும்."